தொலைஞ்சா நில்லு: ஸ்கூல் கேம்ப்ல சொல்லித் தராத முதல் பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடில் டேட்டாபேஸ் பேக்கப் பற்றிப் பேசிப் பாதிப் பேரைத் தூங்க வச்சிட்டேன்னு தகவல் வந்தது. பரவாயில்லை, நல்ல தூக்கம் உடம்புக்கு நல்லது. இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டு வெளியே போறோம். ஸ்கூல் பசங்களைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிட்டுப் போய் நடத்துற 'அட்வென்சர் கேம்ப்', 'சர்வைவல் கிளாஸ்' பற்றித்தான் பேச்சு. அதில் என்ன சொல்லித் தர்றாங்க, என்ன சொல்லித் தரணும், ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் என்ன நடக்கும்னு பார்க்கலாம். அந்த இடைவெளியில் ஒரு தடவை நானே நின்னிருக்கேன். அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி மாசம். என் அக்கா ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். ஏழாம் வகுப்புப் பசங்களை ஜவ்வாது மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மொத்தம் 38 பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வருது: "டேய், சனி ஞாயிறு சும்மாதானே படுத்துக் கிடப்பே? கூட வர ஒரு பெரிய ஆள் குறையுது, வா." சரின்னு போயிட்டேன். முதல் நாள் மதியம் காவலூர் வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைப் பார்த்துப் பசங்க வாயைப் பிளந்தாங்க, நானும்தான். சாயங்காலம் ஒரு கேம்ப் நிறுவனத்தோட இடத்துக்குப் போனோம். கயிறு கட்டிப் பாறையில் இறங்குற ரேப்பலிங், பர்மா பிரிட்ஜ், டென்ட் போடுறது எல்லாம் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் 'சர்வைவல் கிளாஸ்'. தீக்குச்சி இல்லாம, உரசினா பொறி பறக்கிற கம்பியை வச்சுப் பஞ்சில் நெருப்புப் பத்த வச்சுக் காட்டினாங்க. மூங்கிலை வெட்டி டம்ளர் செஞ்சாங்க. நாலு வகை முடிச்சு. கடைசியா இன்ஸ்ட்ரக்டர் ஒரு டிப்ஸ் சொன்னார்: "காட்டில் வழி தெரியலைன்னா தண்ணி ஓடுற சத்தத்தைப் பிடிச்சுக் கீழே கீழே போங்க. எப்படியும் ஒரு ஊர் வந்துரும்." டிவியில் பார்த்த விஷயம்தானேன்னு நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு ஓடை வரைக்கும் நடை. ஒத்தையடிப் பாதை, வரிசையா போறோம். ஓடைக்கு வந்ததும் அக்கா தலையை எண்ணினாங்க. 37. திரும்ப எண்ணினாங்க. 37. மூணாவது தடவை பசங்களை உட்கார வச்சு, பேர் சொல்லி எண்ணினாங்க. ஒரு பையனைக் காணோம்.

அதுக்கப்புறம் நாங்க செஞ்சது எல்லாமே தப்பு. இன்ஸ்ட்ரக்டர் ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம், இன்னொரு சார் வேற பக்கம். போனில் சிக்னல் இல்லை. எத்தனை மணிக்குத் திரும்பி எங்கே கூடணும்னு யாரும் பேசிக்கலை. ஒருத்தர் காணாமப் போன இடத்தில் நாலு பேர் காணாமப் போற மாதிரி ஒரு ஏற்பாட்டை அரை நிமிஷத்தில் நாங்களே பண்ணி முடிச்சோம். நான் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே போனேன். பதிலே இல்லை.

ஐம்பது நிமிஷம் கழிச்சு, ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் அவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். பக்கத்துச் சரிவில், கீழே இறங்கிக்கிட்டே இருந்தானாம். முழங்காலில் சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்லை. அவனை உட்கார வச்சுத் தண்ணி கொடுத்துக் கேட்டோம். ஷூ லேஸ் கட்ட நின்னிருக்கான். தலையைத் தூக்கினா எங்களைக் காணோம். விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு வேகமா ஓடினான். பாதை ரெண்டாப் பிரியுற இடத்தில் இடது பக்கம் போயிட்டான். அப்புறம் தண்ணிச் சத்தம் கேட்டிருக்கு. ராத்திரி சொன்ன பாடம் ஞாபகம் வந்து, அதைப் பிடிச்சுக் கீழே இறங்கியிருக்கான்.

"நாங்க கூப்பிட்டது கேட்கலையாப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: "கேட்டுச்சு சார். நீங்க ரொம்பக் கோவமா கூப்பிட்டீங்க. அதான் பாறைக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டேன்."

நான் கோவமா கூப்பிடலை. பயத்தில் கத்தினேன். ஆனா பன்னிரண்டு வயசுப் பையன் காதுக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான்.

திரும்பி வரும்போது வாணியம்பாடி தாண்டுற வரைக்கும் அக்கா ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, "அவன் அம்மாகிட்ட என்னடா சொல்லியிருப்பேன்?"னு மட்டும் கேட்டாங்க.

ஒரு வட்டத்தின் கணக்கு

வீட்டுக்கு வந்து நான் முதலில் செஞ்சது, ஒரு பேப்பரை எடுத்து வட்டம் போட்டது. இன்ஜினியரிங் படிச்சவனுக்குப் பயம் வந்தா கணக்குதான் போடத் தெரியும்.

ஒரு ஆளைக் கடைசியா எங்கே பார்த்தோம்ங்கிறது ஒரு புள்ளி. அவர் எந்தப் பக்கம் போனார்னு தெரியாது. அப்போ தேட வேண்டிய இடம் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு பை ஆர் ஸ்கொயர். அந்த 'ஸ்கொயர்'தான் இங்கே வில்லன். ஒரு பையன் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில், ரொம்ப மெதுவாத்தான், நடக்கிறான்னு வச்சுக்குவோம். பத்து நிமிஷத்தில் வட்டத்தின் பரப்பு சுமார் 0.35 சதுர கிலோமீட்டர். நாலஞ்சு பேர் விசில் ஊதிக்கிட்டே ஒழுங்கா நடந்தா தேடி முடிச்சிடலாம். ஒரு மணி நேரத்தில் 12.5 சதுர கிலோமீட்டர். ரெண்டு மணி நேரத்தில் 50. நாலு மணி நேரம் நடந்தான்னா 200 சதுர கிலோமீட்டர். 2011-ல் விரிவாக்குறதுக்கு முன்னாடி இருந்த மொத்தச் சென்னை மாநகராட்சியை விட இது பெரிசு. நேரம் ரெண்டு மடங்கு ஆனா, தேட வேண்டிய இடம் நாலு மடங்கு ஆகுது.

நிஜக் காட்டில் இது சரியான வட்டமா இருக்காது. பள்ளம், பாறை, முள்ளு எல்லாம் வடிவத்தை மாத்தும். தேடத் தெரிந்தவர்கள் அதையெல்லாம் கணக்கில் எடுப்பாங்க. ஆனா வளர்ற விதம் இதுதான். அந்தப் பையன் லேஸ் கட்டின இடத்திலேயே உட்கார்ந்திருந்தா, நாங்க வந்த வழியிலேயே திரும்பி நடந்து அவனைக் கண்டுபிடிச்சிருப்போம். வட்டமே தேவைப்பட்டிருக்காது.

ரெண்டு பக்கமும் நகர்ந்தா இன்னும் மோசம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மாத்தி மாத்திப் போன் போட்டா ரெண்டு பேருக்கும் பிஸின்னு வரும் பாருங்க, அது மாதிரி. யாராவது ஒருத்தர் போனைக் கீழே வச்சுட்டுக் காத்திருந்தாத்தான் லைன் கிடைக்கும். யார் காத்திருக்கிறதுங்கிறதை முன்கூட்டியே பேசி வச்சிருக்கணும். காட்டில் அதுக்கு ஒரே பதில்: தொலைஞ்சவர் நிற்கணும், தேடுறவர் நகரணும்.

இதில் வேடிக்கை என்னன்னா, இது நம்ம வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சின்ன வயசில் தேர்த் திருவிழாவுக்குப் போகும்போது அம்மா என்ன சொல்லுவாங்க? "கை விட்டுப்போச்சுன்னா எங்கேயும் ஓடாதே. நின்ன இடத்திலேயே நில்லு, நான் வர்றேன்." அவ்வளவுதான். பை ஆர் ஸ்கொயர் தெரியாமலே சொன்ன சரியான விடை. மலைக்குப் போனதும், டிவி ஹீரோ மாதிரி நடந்தே வெளியே வரணும்னு நமக்கு ஏன் தோணுதுன்னு தெரியலை.

மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோ

இதை ஒரு பாடமாகவே வகுப்பறைக்குக் கொண்டு போனவங்க இருக்காங்க. 1981 பிப்ரவரி. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பகுதியில் பாலமார் மலை. குடும்பத்தோடு கேம்ப்புக்குப் போன 9 வயசுப் பையன் ஒருத்தன் காணாமல் போகிறான். நூற்றுக்கணக்கானவர்கள் தேடுகிறார்கள். சில நாள் கழித்து அவன் உடல்தான் கிடைக்கிறது. குளிரில் உடல் வெப்பம் இறங்கி இறந்திருந்தான்.

அந்தத் தேடலில் இருந்தவர்களில் ஒருவர் ஆப் டெய்லர். எல்லைக் காவல் படையில் வேலை பார்த்தவர், காலடித் தடத்தை வைத்து ஆட்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கினவர். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு சின்ன வகுப்பை உருவாக்கினாங்க. அதன் பெயரின் அர்த்தமே 'மரத்தைக் கட்டிப்பிடி, பிழைச்சுக்கோ' என்பதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னைக்கும் நடக்குது.

பாடம் ரொம்பச் சின்னது. வழி தெரியலைன்னு புரிஞ்ச அந்த நிமிஷமே நில்லு. பக்கத்தில் ஒரு மரத்தைப் பிடிச்சுக்கோ. ஏன் மரம்? மரம் காப்பாத்தாது. ஆனா பயந்த குழந்தைக்கு 'இங்கேயே இரு'ன்னு வெறும் வார்த்தையா சொன்னா கால் நிற்காது. கை எதையாவது பிடிச்சிருந்தா நிற்கும். மரத்தோடு பேசுன்னு கூடச் சொல்லித் தர்றாங்க. கேட்கச் சிரிப்பா இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு, தனியா, பத்து வயசில் யோசிச்சுப் பாருங்க. சிரிப்பு வராது.

அதோடு ஒரு விசில், ஒரு பெரிய பிளாஸ்டிக் குப்பைப் பை. விசில் எதுக்குன்னா, கத்தினா கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிடும். விசில் ஊத ஒரு மூச்சு போதும், சத்தமும் தூரம் போகும். மூணு தடவை ஊதி நிறுத்தணும், திரும்ப மூணு. பறவைச் சத்தத்துக்கும் உதவி கேட்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியணும்ல? உள்ளே உருண்டை இல்லாத விசிலா வாங்குங்க. உருண்டை இருந்தா நனைஞ்சதும் சிக்கிக்கும். பையில் முகம் வெளியே வர்ற அளவுக்கு முன்கூட்டியே ஓட்டை வெட்டி வைக்கணும். இதை விளையாட்டுக்குக்கூட மறக்காதீங்க, ஓட்டை இல்லாத பையைத் தலையில் மாட்டினா மூச்சு முட்டும். போட்டுக்கிட்டு உட்கார்ந்தா மழையும் காத்தும் உடம்பில் படாது. நம்ம ஊர்க் கறுப்புப் பை காட்டில் கண்ணுக்கே தெரியாது, மஞ்சளோ ஆரஞ்சோ தேடி வாங்கணும்.

இந்த வகுப்பில் இன்னொரு பகுதி இருக்கு. அதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடிட்டேன். தொலைஞ்சு போன குழந்தைகள், தேடி வர்றவங்க கூப்பிட்டாலும் ஒளிஞ்சுக்கிறது உண்டு. ரெண்டு காரணம். ஒண்ணு, 'தெரியாத ஆளோட பேசாதே'ன்னு நாமதான் சொல்லி வளர்த்திருக்கோம். ரெண்டாவது, திட்டு விழும்ங்கிற பயம். அதனால் அந்த வகுப்பில் குழந்தைகிட்ட முதலிலேயே தெளிவா சொல்லிடறாங்க: தொலைஞ்சு போறது தப்பு இல்லை. யாரும் திட்ட மாட்டாங்க. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறவங்க உனக்கு உதவ வந்தவங்க, பதில் சொல்லு. இந்த மூணு வரியை ஜவ்வாது மலையில் யாராவது அந்தப் பையன்கிட்ட முந்தின நாள் ராத்திரி சொல்லியிருந்தா, அவன் பாறைக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்க மாட்டான். அந்த முக்கால் மணி நேரத்தில் மூங்கில் டம்ளருக்கு நேரம் இருந்தது. இதுக்கு இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாங்க. ஒரு துண்டை மடிச்சுப் போட்டு, அதுக்கு மேலே அலுமினியம் ஃபாயிலை விரிச்சு, குழந்தையை ஷூவோட மிதிக்கச் சொல்லணும். அடித்தடம் பதிஞ்சிடும். காலடித் தடம் தேடுறவங்களுக்கு அது பெரிய உதவி. இப்போ நமக்கு அது ரொம்பச் சுலபம். கிளம்புற அன்னைக்குக் காலையில் பையனை முழுசா நிக்க வச்சு ஒரு போட்டோ, ஷூவைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு போட்டோ. பத்து செகண்ட் வேலை.

நம்ம மலைக்கு ஏத்த மாதிரி

இதை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. கலிஃபோர்னியா மரத்தைக் கட்டிப்பிடிக்கலாம். நம்ம ஊர் மாமரத்தை யோசிக்காமக் கட்டிப்பிடிச்சா முசுறு எறும்பு வச்சு செய்யும். அதனால் நாங்க சொல்றது: மரத்தை மேலிருந்து கீழே பாரு, வேர் இடுக்கைப் பாரு, குச்சியால் சருகைத் தள்ளிப் பாரு, அப்புறம் உட்காரு. இடி மின்னல் இருந்தா தனியா நிற்கிற உயரமான மரம் வேண்டவே வேண்டாம். யானை நடமாடுற காட்டுக்குப் பள்ளிக் குழுவை வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமக் கூட்டிட்டுப் போகவே கூடாது. அங்கே பசங்களுக்குப் பாடம் நடத்தித் தப்பிக்க வைக்க முடியாது. அது பெரியவங்க எடுக்க வேண்டிய முடிவு.

தண்ணியைப் பிடிச்சுக் கீழே போறது ஏன் தப்பு? மலையில் ஓடை எப்பவும் சுலபமான வழியில் இறங்காது, நேரான வழியில் இறங்கும். அதாவது பாசி பிடிச்ச பாறை, பள்ளம், திடீர்னு ஒரு அருவி. அருவியை மேலிருந்து பார்த்தா அருவின்னே தெரியாது, ஓடை முடியுற மாதிரிதான் இருக்கும். தண்ணி விழுற சத்தத்தில் நாம கூப்பிடுறதும் கேட்காது. வரைபடம் படிக்கத் தெரிஞ்ச பெரிய ஆளுக்கு அது சில நேரம் சரியா வரலாம். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு அது ஆபத்தான அறிவுரை.

நெருப்பு மூட்டுறது, காட்டுக் காய் எது தின்னலாம்ங்கிறது, இதெல்லாம் கேம்ப்ல ஹிட்டான அயிட்டங்கள். எனக்கும் பிடிக்கும். ஆனா முன்னுரிமையைப் பாருங்க. சர்வைவல் சொல்லித் தர்றவங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க: காத்து இல்லாம மூணு நிமிஷம், கடும் குளிரிலும் மழையிலும் மறைவு இல்லாம மூணு மணி நேரம், தண்ணி இல்லாம மூணு நாள், சாப்பாடு இல்லாம மூணு வாரம். ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. தெரியாத காயைத் தின்னா ஆகலாம். நனைஞ்சு, காத்தில் உட்கார்ந்தா கட்டாயம் ஆகும். குளிர் ஆபத்துன்னா பனி மலைன்னு நாம நினைக்கிறோம். நனைஞ்ச உடம்பும் காத்தும் சேர்ந்தா ஊட்டி, கொடைக்கானல் குளிரே போதும்.

பாம்புக்கடியைச் சுருக்கமா சொல்லிடறேன், இதுக்குத் தனி எபிசோடே போடலாம். கிழிக்காதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரத் தேவையில்லை. கேம்ப் நடத்துறவங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி எது, எத்தனை நிமிஷம்ங்கிறது போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

பெரியவங்க பாடம்

இதுவரைக்கும் குழந்தை என்ன செய்யணும்னு பேசினேன். ஆனா அந்தப் பையன் தொலைஞ்சதில் அவன் தப்பு என்ன இருக்கு? லேஸ் அவிழ்ந்தது. அவ்வளவுதான். வரிசையின் கடைசியில் ஒரு பெரிய ஆள் இருந்திருந்தா அவனைத் தாண்டிப் போயிருக்க முடியாது. நாங்க அஞ்சு பெரியவங்க இருந்தோம், அஞ்சு பேரும் முன்னாடியும் நடுவிலும் கதை பேசிட்டுப் போனோம். நான் ஆஃபீஸ்ல ஒரு மாட்யூலுக்கு ரெண்டு பேர் ஓனர்னா யாருமே ஓனர் இல்லைன்னு லெக்சர் அடிக்கிறவன். அங்கே போய் அதையேதான் செஞ்சேன்.

இங்கிலாந்தில் நடந்த ஒண்ணைச் சொல்றேன். 1993 மார்ச் 22, லைம் விரிகுடா. எட்டுப் பள்ளி மாணவர்கள், அவங்க ஆசிரியர், ரெண்டு இன்ஸ்ட்ரக்டர். கடலில் கயாக் ஓட்டப் போறாங்க. ஆசிரியரோட படகு திரும்பத் திரும்பக் கவிழுது. ஒரு இன்ஸ்ட்ரக்டர் அவருக்கு உதவ நிற்கிறார். இன்னொருத்தர் எட்டுப் பசங்களையும் ஒண்ணாச் சேர்த்து வச்சிருக்கார். காத்து அவங்களைக் கடலுக்குள்ளே இழுத்துட்டுப் போகுது. உதவி கேட்டுக் கொளுத்துற தீப்பொறிக் குச்சிகூடக் கையில் இல்லை. மதியம் திரும்ப வேண்டியவங்க திரும்பலை. ஆனா கடலோரக் காவலுக்குத் தகவல் போகவே மணிக்கணக்கில் தாமதம். நாலு மாணவர்கள் இறந்தாங்க. அந்த மையத்தை நடத்தின நிறுவனத்தின் நிர்வாகி சிறைக்குப் போனார். 1995-ல் பார்லிமென்ட்டில் தனிச் சட்டமே வந்தது: பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குக் காசு வாங்கிக்கிட்டு இந்த மாதிரிச் சாகசங்கள் நடத்தினா, லைசென்ஸ் வேணும், ஆய்வு நடக்கும்.

இதில் எனக்கு உறைச்சது அலையும் காத்தும் இல்லை. அந்தத் தாமதம். 'கொஞ்சம் பார்ப்போம், வந்துருவாங்க'ங்கிற அந்த நினைப்பு. கரையில் இருக்கிற ஒருத்தர்கிட்ட 'இத்தனை மணிக்குள்ள நாங்க வரலைன்னா நீ யோசிக்காதே, இந்த நம்பருக்குப் போன் பண்ணு'ன்னு எழுதிக் கொடுத்திருந்தா, யோசிக்கிற வேலையே கிடையாது. டைம்அவுட் மாதிரிதான். சர்வர் பதில் தரலைன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு கோடு எழுதும்போதே முடிவு பண்றோம்ல?

நம்ம பக்கம் குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். ஸ்கூல் பசங்க இல்லை, நம்மளை மாதிரி வார இறுதியில் ட்ரெக்கிங் கிளம்பின ஆட்கள்தான். காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. சரிவில் நெருப்பு எப்படி ஏறும் தெரியுமா? மேல்நோக்கி ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் நெருப்பின் வேகம் சுமார் ரெண்டு மடங்கு ஆகும்ங்கிறது தீயணைப்பாளர்களின் கணக்கு. நமக்கோ சரிவு ஏற ஏற வேகம் குறையும். அந்தப் பந்தயத்தில் ஜெயிக்க முடியாது, அந்த மாசத்தில் அங்கே இல்லாம இருக்கத்தான் முடியும். அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகள் வந்தது. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை வழிகாட்டிகளோடு ஆன்லைனில் திறந்தது. தீ அபாய மாதங்களில் மூடிடறாங்க. 'லீவு கிடைக்கிறதே அப்போதான்'னு சலிச்சுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நானும் சலிச்சுக்கிட்டவன்தான்.

எங்க ஜவ்வாது நடைக்கு யார்கிட்ட அனுமதி வாங்கினாங்கன்னு நான் கேட்கவே இல்லை. ரேப்பலிங் கயிறு எவ்வளவு வெயிட் தாங்கும்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டேன். அக்கா இப்போ எந்தக் கேம்ப் நிறுவனம் வந்தாலும் முதலில் கேட்கிறது: வரிசையில் கடைசியா யார் வருவாங்க, பேர் சொல்லுங்க. பாதை பிரியுற ஒவ்வொரு இடத்திலும் நின்னு எண்ணுவீங்களா? ஒரு குழந்தை குறைஞ்சா முதல் அஞ்சு நிமிஷம் யார் என்ன செய்வாங்க? எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்புவீங்க? போன வருஷம் ஒருத்தர் இந்தக் கடைசிக் கேள்விக்கு, "அதெல்லாம் ஃப்ளோவில் பார்த்துக்கலாம் மேடம்"னார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிட்டாங்க.

ஸ்கூல் கிரவுண்டில் ஒரு சனிக்கிழமை

இதெல்லாம் சொல்லித் தர மலைக்குப் போகவே வேண்டாம். போன வருஷம் அக்கா ஸ்கூல்லயே, கேம்ப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, நாங்க ஒரு வகுப்பு நடத்தினோம். கிரவுண்டுக்குப் பின்னாடி வேப்ப மரமும் புங்க மரமுமா ஒரு சின்னத் தோப்பு இருக்கு. அதுதான் எங்க காடு.

முதலில் வட்டக் கணக்கு. போர்டில் இல்லை, தரையில் சுண்ணாம்புப் பொடியில். ஒருத்தனை நடுவில் நிக்க வச்சு, பத்து அடி நடந்தா எவ்வளவு, இருபது அடி நடந்தா எவ்வளவுன்னு வட்டம் போட்டோம். பெரிய வட்டத்தைப் பார்த்ததும் ஒரு பையன், "சார், இதுக்கு நிக்கிறதே மேல்"னான். எனக்கு அரை மணி நேரப் பேச்சு மிச்சம். அப்புறம் விசில். நாற்பது பசங்க கையில் விசில் கொடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், பக்கத்து வீட்டு மாடியில் இருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்துத் திட்டினாங்க. அப்புறம் கூப்பிடுற பயிற்சி. நான் வேணும்னே கத்திக் கூப்பிடுவேன், அவங்க பதில் சொல்லணும். முதல் தடவை பாதிப் பேர் வாயே திறக்கலை. நாலாவது தடவைதான் எல்லாரும், "இங்கே இருக்கேன்!"னாங்க.

கடைசியா 'தனியா உட்கார்றது'. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரம். மரத்தைப் பார்த்து, எறும்பு பார்த்து, பையைப் போட்டுக்கிட்டு, பதினைந்து நிமிஷம் பேசாம உட்காரணும். யார் வந்து தோளைத் தொடுறாங்களோ அப்போதான் எழுந்திருக்கலாம். மரம் பத்தலை, ரெண்டு பேர் கோல் போஸ்ட்டைக் கட்டிக்கிட்டாங்க. முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பு. அப்புறம் அமைதி. பதினைந்து நிமிஷம் தனியா, போன் இல்லாம, எதுவும் செய்யாம உட்கார்றது எவ்வளவு நீளம்னு நானும் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறாவது நிமிஷத்தில் கை பாக்கெட்டுக்குப் போயிடுச்சு.

ஜவ்வாது மலைப் பையனும் வந்திருந்தான். இப்போ எட்டாம் வகுப்பு. அவன்தான் எங்க டெமோ ஆள். சின்னப் பசங்ககிட்ட அவனே சொன்னான், "நான் ஒளிஞ்சுக்கிட்டேன், அது தேவையே இல்லை, இவர் திட்டவே இல்லை"ன்னு என்னைக் காட்டி.

முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா தோளைத் தொட்டு எழுப்பிட்டு, எல்லாரையும் வரிசையில் நிக்க வச்சு அக்கா எண்ணினாங்க. ஒண்ணு குறைஞ்சது. ஒரு செகண்ட் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அக்கா என்னைப் பார்த்தாங்க, நான் அக்காவைப் பார்த்தேன். ஆனா இந்தத் தடவை யாரும் ஓடலை. பேர் சொல்லி எண்ணினாங்க, யாருன்னு தெரிஞ்சது, கடைசியா பார்த்த இடம் தோப்போட மூலை. நான் மட்டும் போனேன். மஞ்சள் பையைப் போட்டுக்கிட்டு, வேப்ப மரத்தில் சாய்ஞ்சு ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா.

"எல்லாரும் போயிட்டாங்களேம்மா, நீ ஏன் எழுந்திருக்கலை?"

"நீங்க இன்னும் தொடலையே சார்."

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். வீட்டில் தம்பி தங்கச்சியோ அக்கா பொண்ணோ ஸ்கூல் கேம்ப் கிளம்பினா, அந்த ஷூ போட்டோவை எடுத்துடுங்க. அடுத்த வாரம் வரைபடமும் காம்பஸும். ஜிபிஎஸ் இருக்கும்போது அது எதுக்குன்னு கேட்கிறவங்க கண்டிப்பா வாங்க.